அளந்து கொடுத்த தண்ணீர்

என் மனைவிக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தவன் நான். மூன்று வருஷம் கொடுத்தேன்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கி மூச்சை அடைத்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். டீ, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் பாட்டிலை நான்தான் நிரப்புவேன். தன் கையில் கொடுத்தால் அளவுக்கு மேல் ஊற்றிக்கொள்வேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பும் நெல்லும் வைக்கிறோம். மோட்டாரைப் போட்டால் தொடை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, சித்திரை வெயிலில் அவள் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் எதிரில் தண்ணீர் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. தாகம் எடுத்தால் மோட்டார் கொட்டகைக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். சாப்பிடும்போதும் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒருநாள் சோறு விக்கிக்கொண்டது. அவள் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாத்துக்குத் திருட்டுத்தனமா போய் குடிச்சிக்கினு வர்ற? கள்ளா குடிக்கிற?"

நான் சொம்பைக் கையில் எடுத்தேன்.

"என் எதிர்லயே குடி. பாக்கவாவது நல்லாருக்கும்."

குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா குடிய்யா. ஜல்தியா முடிச்சிட்டியே."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இது நடந்தது. தாகம் இல்லாவிட்டாலும் குடிப்பேன். ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்பேன். வேறு என்ன சொல்வது.

ஆஸ்பத்திரி போகிற நாள் என்றால் அவளுக்கு முகமே வேறு. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரம், மற்ற நாளில் சாப்பிடக்கூடாததைக் கொஞ்சம் சாப்பிடலாம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். வாழைப்பழம், கொய்யா, மாம்பழத்தில் ஒரு பத்தை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அன்றைக்கு என்ன வாங்குவது என்று பேச்சை ஆரம்பித்துவிடுவாள். விழுப்புரம் வரைக்கும் அதே பேச்சுதான். கொய்யா என்பாள். பழம் வாங்கப் போனால் கமலா ஆரஞ்சு என்பாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் என்னிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை. எனக்கு அந்தப் பஸ் பயணம் பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை.

படுப்பதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"இன்னாம்மா, இவ்ளோ ஏறியிருக்கு? தண்ணி குடிச்சிங்களா?" என்று ஒருநாள் நர்ஸம்மா அதட்டினார்.

"நான் எங்க குடிச்சேன்? எங்க ஊட்டுக்காரரு குடிச்சது எனக்கு ஏறிக்கிச்சு போலக்குது."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெஷினோடு இணைக்கிற ஊசியைப் போடுவதற்காகக் கையில் இரண்டு நரம்பை இணைத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் பூனை கத்தாமல் உறுமுகிற மாதிரி அதிரும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் நான் தொட்டுப் பார்ப்பேன். இடது கையில் செய்தது முதல் வருஷத்திலேயே நின்றுபோனது. பிறகுதான் வலது கைக்கு மாற்றினார்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, தொட்டேன். ஒன்றும் இல்லை. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

"நின்னுபோச்சு. எனக்கு நேத்தே தெரியும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில், இப்போதைக்குக் கழுத்தில் குழாய் போட்டு மெஷின் ஓட்டலாம், அப்புறம் சென்னைக்குப் போய் வேறு வழி பார்க்கலாம் என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குழாய் போடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள்.

திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ஓடிவந்தாள்.

"அம்மாதான் பேஜாரு பண்ணுதுன்னா நீயும் சும்மா நிக்கிற நைனா? நீ சொன்னா கேக்கும். சொல்லு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொழாய் போட்டுக்கலாமே" என்றேன்.

"யாருக்காக?"

எனக்கு இந்த மாதிரி பேச்சு வராது. இருந்தாலும் சொன்னேன். "எனக்காக."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி நாளு உனக்காகத்தான்யா வந்தேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மகள் அழுதாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம். அன்றைக்கு அவள் எதுவும் வாங்கித் தரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே அளக்காத. சொம்புல குடு" என்றாள். நிறையக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாள். மூன்றாவது மடக்கு இறங்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

"இவ்ளோதானா" என்றாள்.

அப்புறம் கால் வீங்கியது. முகம் வீங்கியது. தலையணையை அடுக்கிச் சாய்த்து வைத்தோம். படுத்தால் மூச்சு வரவில்லை. ஊரில் வந்து பார்த்தவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. நான் கழுத்தில் குழாய் போடச் சொல்லி அடம்பிடித்திருந்தால் அவள் சம்மதித்திருப்பாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கரும்பு வாட ஆரம்பித்தது. அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அவளை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

"என் மூஞ்சிய பாத்துக்கினு இருந்தா கரும்பு வளந்துடுமா? போய் தண்ணி கட்டு" என்றாள். பேச்சு விட்டு விட்டு வந்தது. "பொண்ணு இருக்குதில்ல. போ."

போனேன். மண்வெட்டியால் மடை திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். செல்போன் கழற்றிப் போட்ட சட்டையில் இருந்தது. மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கால்வாசிக் கரும்புக்குத்தான் பாய்ந்திருக்கும். திடீரென்று சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன். பக்கத்து நிலத்துக்காரர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மண்வெட்டியை வரப்பில் சாத்தினேன். கால் கழுவாமல் நடந்தேன்.