கால் ஊன்றாத மூன்று நாள்

முதலில் அதைக் கண்டது குளிக்கும்போதுதான். வலது விதை இடதைவிடக் கனமாக, கல் மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அதே தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

நான் பாப்பாரப்பட்டிப் பக்கம் தபால்காரன். பொழுதெல்லாம் சைக்கிள்தான். எண்பத்தைந்தாம் வருஷம் மூன்று நாள் நிற்காமல் சைக்கிள் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் நடக்கும் வேடிக்கை அது. மைதானத்தில் கயிறு கட்டிவிடுவார்கள். கால் தரையில் படாமல் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள்மேல். பார்க்க வருகிறவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள்.

என் மனைவி செலினின் அம்மா கன்னத்தில் புற்று வந்து, ஒரு வருஷம் அவதிப்பட்டு இறந்துபோயிருந்தார். சேரும் பணத்தைச் சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனைக்குக் கொடுப்பது என்று செலினும் நானும் முடிவு செய்தோம்.

வறண்ட ஏரிக்குள் பயிற்சி. முதலில் ஆறு மணி நேரம், பிறகு பன்னிரண்டு, பிறகு ஒரு முழு நாள். கண் திறந்தபடியே அரைத்தூக்கம் போடக்கூடப் பழகினேன். வீக்கத்துக்குப் பழியைச் சைக்கிள் சீட்டின்மேல் போட்டேன். சீட்டில் துண்டை மடித்து வைத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். கடைசியில் புதுச் சீட்டே வாங்கினேன். இப்படி நாலு மாதம்.

செலினிடம் சொல்லவில்லை. பாதி வெட்கம். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் கட்டி என்ற பேச்சை எப்படி எடுப்பது என்ற தயக்கம் மீதி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைக்காக அவள் ஞாயிறு தவறாமல் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மைக் செட் வைத்திருந்த மாதையன் என் சிநேகிதன். புற்றுநோய் பற்றி மருத்துவமனை அனுப்பிய நோட்டீசை மணிக்கொரு தரம் படிப்பது அவன் பொறுப்பு. மைதானத்தில் ஓட்டம் தொடங்கிய முதல் நாள் அது என் காதில் ஏறவில்லை. இரண்டாம் நாள் மாலை, தூக்கம் கெட்டுத் தலை காலியாகக் கிடந்தபோது ஏறியது.

"வலி இல்லாத கட்டியா? அதுக்குத்தாங்க பயப்படணும். வலிக்கலையேன்னு வூட்டுல குந்திக்கினு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க."

நோட்டீசில் இருந்ததை நம்மூர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னான், அவ்வளவுதான்.

கயிற்றோரம் செலின் கஞ்சிச் சொம்போடு நின்றிருந்தாள். ஒரு சுற்றுக்கு ஒரு பேச்சுதான் பேச முடியும்.

"எனக்கும் ஒரு கட்டி இருக்குது" என்றேன்.

சுற்றி வந்ததும், "எங்கங்க?" என்றாள்.

"கீழ. விதையில."

அடுத்த சுற்றில், "எத்தன நாளா?"

"நாலு மாசமா."

மறுபடி வந்தபோது சொம்பைத் தரையில் வைத்திருந்தாள்.

"எறங்குங்க."

நான் இறங்கவில்லை. இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மாதம் போன பிறகு ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பயமும்தான். சைக்கிள்மேல் இருக்கும்வரை நான் வீரன், இறங்கிவிட்டால் நோயாளி. நாலைந்து சுற்று அவள் "எறங்குங்க" என்றாள். அப்புறம் கயிற்றோரம் அவளைக் காணவில்லை.

மூன்றாம் நாள் மாலை மாதையன் என்னைத் தூக்கி இறக்கி, கழுத்தில் மாலை போட்டான். மறுநாள் தர்மபுரியில் வயதான டாக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்தார். "சீட்டு அழுத்தி இது வராதுப்பா. உடனே மெட்ராஸ் போ" என்றார். பொம்மிடியில் ரயில் ஏறினோம். ஆராய்ச்சிக்குச் சேர்த்த பணமும் நானும் ஒரே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடிவயிற்றோரம் கீறி விதையை எடுத்தார்கள். நோய் அதற்குள் வயிற்றிலிருந்த நிணநீர்க் கணுக்களுக்கு (உடம்பின் கழிவை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருந்தது. கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது) நாலு தடவை நடந்தது. தண்ணீரைக் கண்டாலே குமட்டியது. முடி கொட்டியது. காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மாதங்களில் செலின் என் வாந்தியைக் கையில் ஏந்தினாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா, உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, குழந்தை பிறப்பது சந்தேகம் என்றார்.

செலின் கேட்டாள். "நான் சொன்ன அன்னிக்கே இவரு எறங்கியிருந்தா?"

"ஒரு நாள்ல எதுவும் மாறியிருக்காதும்மா. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற."

"நாலு மாசம் தெரியாமப் போனதுங்க, டாக்டர். அந்த ஒரு நாளு தெரிஞ்சே போனது."

டாக்டரம்மா மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிப் பரிசோதனைச் சீட்டு எழுதி நீட்டினார். தலையைத் தூக்காமல் நான் அதை வாங்கிக்கொண்டேன்.

நாலு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போன பரிசோதனை இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு பரிசோதனைச் சீட்டிலிருந்து அடுத்த சீட்டு வரைதான் எனக்குக் காலம், அதற்கு அப்பால் நான் எதையும் திட்டம் போடுவதில்லை. மருந்தில் விரல் நுனி மரத்துப்போனதால் கடிதங்களைப் பிரிக்கும்போது இரண்டு சேர்ந்து வருகின்றன. ரீங்காரம் நிற்கவில்லை. சைக்கிள் சீட்டில் உட்காரும்போதெல்லாம் ஒரு பக்கம் வெறுமை தட்டுப்படுகிறது.

மாலையில் செலின் வாசலில் நின்றால், தெருமுனையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறேன். அவள் கேட்டது இதைத்தான். கேட்ட அன்று நான் செய்யவில்லை.