கடலில் இறங்காத மனிதர்

ராமேஸ்வரத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று பேத்தி கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுவேன். பாம்பன் ரயில் பாலம், கோயில் பிரகாரம், தீர்த்தக் கிணறுகள், ராமர் பாதம் இருக்கும் மணல்மேடு, சங்குக் கடைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றியவள் நான். அன்றைக்கு இன்னொன்றையும் பார்த்தேன். அதை அவளிடம் சொல்வதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அமராவதிபுதூரில் எங்கள் வீடு. வயல் என் பொறுப்பு. வீட்டுக்காரருக்கு நாட்டரசன்கோட்டையில் ஒரு அரிசி மில்லில் பங்கு இருந்தது. இரவில்தான் கரண்டு ஒழுங்காக வருகிறது என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் உமி ஒட்டியிருக்கும். அந்த உமியைப் பார்த்தே நான் நம்பினேன்.

பெரிய லீவில் கடல் பார்க்க வேண்டும் என்று மகளும் மகனும் நச்சரித்தார்கள். நெற்குப்பையில் மூத்த மகன் வீட்டில் இருந்த என் மாமியாரும் சேர்ந்துகொண்டார். ரயிலடியில்தான் அவர் தன் இளைய மகனின் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா இது, சாமியாராப் போகப் போறியா?"

மாசக்கணக்கில் வளர்ந்த தாடி. பழனிக்கு வேண்டுதல் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதையே தாயிடமும் சொன்னார்.

"பழனிக்கு நேந்துக்கிட்டு ராமேசுரத்துக்கு ரயில் ஏறுறீக. முருகன் கோவிச்சுக்கப் போறாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பாலத்தில் ரயில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். மகள் பயந்துபோய் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியார் ஜன்னல் வழியே காசை வீசிக் கும்பிட்டார். நான் தாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்கெனவே பழகிய தாடி மாதிரி இருந்தது. எப்போது என்றுதான் பிடிபடவில்லை.

கோயிலுக்குக் கிழக்கே கடல். அண்டாவில் பிடித்துவைத்த தண்ணீர் மாதிரி அலையில்லாமல் கிடந்தது. முதலில் கடலில் முங்கி, அந்த ஈரத்தோடு போய்த் தீர்த்தக் கிணறுகளில் குளிப்பது முறை. நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். அவர் மட்டும் காய்ந்த மணலில் நின்றார்.

"ஏங்க, ஏன் நிக்கிறீக? இதுல முங்கத்தானே இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"சளி புடிச்சிருக்கு. நீங்க குளிங்க."

"சித்திரை வெயில்ல சளியா?"

மகன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் கால்விரலுக்கு வருவதற்குள் அவர் துள்ளிப் பின்னால் போனார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த மாமியார் கையைத் தட்டினார். "அடியாத்தீ! தாடி எதுக்குன்னு இப்பல்ல வெளங்குது!" என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "எத்தனை மாசம்த்தா? எங்கிட்டக்கூடச் சொல்லலையே!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண்டாட்டி உண்டாகியிருந்தால், பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடி, தாடி எடுக்கமாட்டான், கடலில் முங்கமாட்டான், மலை ஏறமாட்டான். மீறினால் பிள்ளைக்கு ஆகாது. இதில் என் வீட்டுக்காரர் ரொம்பக் கெட்டி. மகளையும் மகனையும் நான் சுமந்தபோது பார்த்த அதே தாடிதான் இது. அவருக்குத் தாடி வளர்ந்தால் எனக்கு வயிறு வளர்ந்திருக்க வேண்டும்.

எனக்கு வயிறு இல்லை. முந்தின வாரம்தான் வீட்டுக்கு விலகியிருந்து தலைக்கு ஊற்றியிருந்தேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எனக்குப் பல் கிட்டியது. இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். கரையில் அவர் தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று.

நான் சொல்லவில்லை.

பிள்ளைத்தாச்சி ஈரத்தோடு கிணறு கிணறாக அலையக் கூடாது என்று மாமியார் என்னைப் பிரகாரத்தில் தூணோரம் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு போனார். காப்பி வாங்கி வருகிறேன் என்று போன வீட்டுக்காரர், அவர்கள் குளித்து முடித்து வந்தபிறகுதான் காப்பியோடு வந்தார். தனியாக என்னோடு உட்கார அவ்வளவு பயம்.

சங்குக் கடையில் மாமியார், குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னச் சங்கு ஒன்றைப் பார்த்துப் பார்த்து எடுத்தார். "இந்தாத்தா, முந்தியில முடிஞ்சு வையி. இதுலதான் எம் பேரன் பாலு குடிக்கணும்."

"தம்பியா, தங்கச்சியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அப்பாகிட்டக் கேளு. எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்காரர், கடையில் தொங்கிய சோழி மாலையை விலை கேட்டார்.

வெயில் தாழ்ந்ததும் குதிரை வண்டி பிடித்து ராமர் பாதம் பார்க்கப் போனோம். மலை என்பது பேச்சுக்குத்தான், வெறும் மணல்மேடு. ஆனாலும் மாமியார் விடவில்லை. "புள்ளத்தாச்சியும் புருசனும் ஏறக் கூடாது. இங்குட்டே இருங்க" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியேறினார். வண்டிக்காரர் டீ குடிக்கப் போனார்.

"யாரு?" என்றேன்.

அவர் குதிரை புல் மேய்வதைப் பார்த்தார்.

"சரி, வாங்க, நம்மளும் ஏறுவோம். எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. உங்களுக்கென்ன தடை?"

அவர் எழுந்திருக்கவில்லை. நாலு படி ஏறியிருந்தால் போதும். சளியையும் பழனியையும் நான் நம்பிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். வருஷக்கணக்கில் மில்லு, கரண்டு என்று வாய் கூசாமல் பேசிய மனுஷர், பிறக்கப்போகும் பிள்ளை என்று வந்ததும் ஒரு படி ஏறத் துணியவில்லை.

"மில்லுல நெல்லு காயப்போடுறவ" என்றார் கடைசியில். "ஆறாவது மாசம். அவளைக் கைவிட முடியாது."

"என்னைய?"

"நீ எப்பவும் போல இரு."

முந்தியை அவிழ்த்துச் சங்கை எடுத்து நீட்டினேன். "அங்குட்டுக் கொண்டுபோயிக் குடுங்க. உங்க ஆத்தா ஆசையா வாங்குனது."

வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமியார் மூச்சு வாங்க இறங்கி வந்தார். "நிமிந்து உக்காருத்தா. வயிறு மடங்கப் போகுது."

"மடங்குறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல அத்தை. புள்ள எனக்கில்ல, உங்க மகனுக்கு மட்டுந்தான்."

நான் எந்நேரமும் கேலி பேசுகிறவள். அதனால் முதலில் சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவர் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார். மாமியார் வண்டியில் ஏறி, என்னை ஒட்டி உட்கார்ந்தார். திரும்பும்போது பாலத்தில் யாரும் காசு வீசவில்லை.

மாமியார் நெற்குப்பைக்குப் போகாமல் என்னோடே தங்கிவிட்டார். ஆவணியில் ஒரு காலை, வீட்டுக்காரர் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமியார் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"கேளுங்க அத்தை" என்றேன். "உங்க சங்கு யாரு வாய்க்குப் போச்சுன்னு தெரிய வேணாமா?"

"பொம்பளைப்புள்ள" என்றார் அவர், நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு.