தேதி முடிந்த கையொப்பம்

இரண்டு கைகளிலும் இரண்டு கைபேசிகளோடு எங்கள் டீம் லீட் மேடம் என் மேசையருகே நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஒன்றில் ஒரு வங்கியின் இணையதளம் பளிச்சென்று திறந்திருந்தது. எங்கள் கம்பெனி இணைப்பிலிருந்த மற்றொன்றில் திறக்கவில்லை. "இதுல எது ரிப்பேர், சொல்லுங்கண்ணா?" என்றார். நான் திறக்காததைக் காட்டினேன். "எல்லாரும் அதைத்தான் காட்டுவாங்க" என்று சிரித்தார்.

கச்சிபௌலியில், இணைய இணைப்பு தரும் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்பது என் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றவன், கூச்சக்காரன். யார் திட்டினாலும் "சரி சார்" என்றுவிடுவேன். மேடம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், என்னைவிட இளையவர். நம் கைபேசி ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்டால், வரும் பதிலோடு தளத்துக்கு உரியவரின் மின்கையொப்பமும் வரும். அது உண்மையானதா, இல்லை போலித் தளத்துக்கு இழுத்துப்போகும் பொய்யா என்று பார்க்கும் நிரலை எழுதியவர் அவர்தான். அந்தக் கையொப்பத்துக்கும் கெடு உண்டு. "தேதி முடிஞ்ச மாத்திரையக் கடைக்காரர் குடுக்கலாமா? வங்கிக்காரங்க புதுப்பிக்க மறந்துட்டாங்க. மத்த கம்பெனியில தேதியே பாக்குறதில்ல, அதான் திறக்குது" என்று மேடம் விளக்கினார்.

மேனேஜர் வந்தார். "அப்ப மத்தவனெல்லாம் முட்டாளா? அந்தச் செக்கிங்கை எடுத்துடும்மா."

"நக்கோ, வேணாம் சார். வங்கிக்குச் சொல்லிட்டேன். அவங்க புதுப்பிச்சதும் தானா திறக்கும்."

"ஹவ், ஆமா, அதுவரைக்கும் உன் கொள்கையை வறுத்து கஸ்டமருக்குக் குடுக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் மறுத்ததால் வேறொருவரை உட்காரவைத்து, எந்தப் பதில் வந்தாலும் 'சரி' என்று சொல்லும் ஒரு வரியை நிரலில் சேர்த்தார்கள். மாலைக்குள் வங்கி கையொப்பத்தைப் புதுப்பித்துவிட்டது. ஆனால் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எடுக்கச் சொல்லி மேடம் கேட்டார். "இப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடுது?" என்பதே பதில். கடைசியில், குழுவோடு ஒத்துப்போகாதவர் என்று எழுதி, ராஜினாமாவைக் கேட்டு வாங்கினார்கள். மறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. பார்க்காதவர்களுக்கு நல்ல பெயர். பார்த்தவருக்கு மட்டும் வேலை போயிற்று.

எங்கள் விளம்பரத்தில் மட்டும் 'ஒவ்வொரு கையொப்பத்தையும் சரிபார்க்கிறோம்' என்ற வாசகம் அப்படியே இருக்கிறது. யாராவது கேட்டால் நாங்களும் அதையே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. போன வாரம் காஞ்சன்பாக் பகுதியில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அழைத்தார். என் பேச்சை வைத்துத் தமிழன் என்று கண்டுகொண்டு, "உண்மையச் சொல்லுங்க தம்பி, கையொப்பத்தச் சரிபாக்குறீங்களா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "பாத்துக்கிட்டிருந்தவங்கள அனுப்பிட்டாங்க."

பின்னால் மேனேஜரின் நாற்காலி நகர்ந்தது. பெரியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், "என்ன சொன்னீங்க?" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல், இன்னும் உரக்கச் சொன்னேன்.