ஐந்து நட்சத்திர வைத்தியம்

இராசாத்தியின் வாய்க்குப் பயந்தே அந்தத் தாமான் குடியிருப்பில் பலபேர் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் அம்மாவோடு பாலெடுக்க மரம் வெட்டப் போனவள். தோட்டத்தை விற்றதும் குடும்பம் சுங்கைப் பட்டாணிக்கு வந்தது. பத்தொன்பது வருஷமாகக் கையுறை ஃபேக்டரியில் பேக்கிங் லைன். அவளை மட்டம் தட்டிவிட்டுத் தப்பித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் டாக்டர் காளிதாசன்.

இரண்டு வருஷத்துக்கு முன், பெண்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போக அவளுக்கு இரண்டு நாள் எம்சி வேண்டியிருந்தது. லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்குவான். உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிய எம்சியை நீட்டினால் வாயை மூடிக்கொள்வான். தலைவலி என்று போய் உட்கார்ந்தாள். அந்த மனுஷன் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்ல. நெசமா நோவு உள்ளவன் வெளிய காத்துக்கிட்டு இருக்கான். எழுந்திரு" என்றார். கதவு திறந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இராசாத்தி போனை எடுத்துக் காளிதாசனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டாள். 'மரியாதை தெரியாதவர். போகாதீர்கள்.' அதோடு விட்டாளா? லைனில் இருந்த பதினாலு பெண்களையும் போட வைத்தாள். கேட்டதும் சிரித்துக்கொண்டே எம்சி எழுதுகிற டாக்டர் புவனேசனுக்கு எல்லாரும் ஐந்து ஐந்தாகக் குத்தினார்கள். 'பெஸ்ட் டாக்டர்.' 'கைராசிக்காரர்.' மற்ற லைன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது.

போன மாசம் அவள் புருஷன் பரஞ்சோதிக்கு லாரி ஓட்டப் போடுகிற ஷூ இடது கால் பெருவிரலைக் கடித்தது. இனிப்புநீர்க்காரர், சர்க்கரை ஏறிய காலில் வலி தெரியவில்லை. பார்த்தபோது புண் புளியங்கொட்டை அளவு இருந்தது.

"காளிதாசன்கிட்ட போவோம்லா. திட்டுவாரு, ஆனா ஒழுங்காப் பாப்பாரு" என்றார்.

"அந்த ஆளு மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்."

மகள் சாந்தினி போனைத் தடவினாள். "காளிதாசன் ரெண்டு புள்ளி ஒண்ணுதான்மா. புவனேசன் நாலு புள்ளி ஒம்பது. அறுநூறு பேரு போட்டிருக்காங்க."

"பாத்தீங்களா? அறுநூறு பேரும் கிறுக்கா?"

அந்த அறுநூறில் தானும் ஒருத்தி என்பதும், எதற்காகப் போட்டோம் என்பதும் அவள் புத்தியில் ஏறவேயில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

புவனேசன் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். "சின்னப் புண்ணுதான் அங்கிள். கவலைப்படாதீங்க." ஒரு களிம்பு, ஐந்து நாள் மாத்திரை, கேட்காமலேயே எம்சி. ஒரு வாரம் கழித்துப் போனபோதும் அதே சிரிப்பு, அதே களிம்பு. பதினேழாம் நாள் விரல் கறுத்து, வீடே நாறியது. பரஞ்சோதி பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, "காளிதாசன்கிட்ட விடு" என்றார் மகளிடம்.

காளிதாசன் கட்டைப் பிரித்து, குனிந்து, ஊசியால் குத்திப் பார்த்தார். பரஞ்சோதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தியது அவருக்குத் தெரியவேயில்லை.

"இத்தன நாளா எங்கய்யா இருந்தீங்க?"

பரஞ்சோதி மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்து, தானே பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால். இருபத்தாறு வருஷ லாரிக்காரர் மயக்கம் தெளிந்து அவளிடம் சொன்னது ஒன்றுதான். "அன்னைக்கே சொன்னேன்."

படுபாவி புவனேசனின் சிரிப்பை நினைக்க நினைக்க இராசாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தினியை உட்கார வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொல்லி, புவனேசனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டாள். சாயங்காலத்துக்குள் அதற்கு மேலே புதிதாக ஒன்பது ஐந்துகள் ஏறியிருந்தன. ஒன்றில், 'இந்த டாக்டர் மேல் பொய் சொல்கிறார்கள். நம்பாதீர்கள்' என்று இருந்தது. போட்டவள் குணசுந்தரி. லைனில் இராசாத்திக்குப் பக்கத்திலேயே நிற்பவள், ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனவள்.

இராசாத்தி போன் போட்டாள். "ஏன்டி, அவரு கால நீ கண்ணால பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்க்கா."

"அப்புறம் எந்த வாயாலடி பொய்யின்னு போட்ட?"

"நீங்க எழுதினதுல டாக்டரு பயந்துட்டாருக்கா. இனிமே சும்மா எம்சி கெடையாதுன்னு கவுண்டர்ல சொல்றாங்க. மாமியார டயாலிசிஸ்க்கு நான்தான் கூட்டிட்டுப் போவணும். ஃபேக்டரி லீவு தருமா? காளிதாசன் எழுதித் தருவாரா?" குணசுந்தரி மூச்சு வாங்கினாள். "அண்ணன் வீட்டுக்கு வரட்டும். உங்களுக்கு யாரு எம்சி தர்றாங்கன்னு நானும் பாக்குறேன்."

அவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் இராசாத்தி போனை வைத்தாள்.

பரஞ்சோதி வீட்டுக்கு வந்தார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துப் போக வேண்டும். சாந்தினி வேலை செய்யும் போன் கடையில் இரண்டு நாள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். இராசாத்தியின் லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்திருந்தது. சூப்பர்வைசர் கையை விரித்தான். வெட்கத்தை விட்டுக் காளிதாசனிடம் போய் நின்றாள்.

"நோவு உன் புருஷனுக்கும்மா. உனக்கு எப்படி எழுதுவேன்?" என்றார் அவர், இந்தத் தடவை மெதுவாக.

திங்கட்கிழமை காலை, புவனேசனைப் பற்றி எழுதியதை அழிக்கச் சொன்னாள். சாந்தினி அவளை முறைத்துப் பார்த்தாள், பிறகு அழித்தாள். அழித்ததைக் கவுண்டரில் காட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு இராசாத்தி அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புவனேசனுக்கு அவளை ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"என்ன ஆண்ட்டி, காய்ச்சலா? ரெண்டு நாள் போதுமா?"

அந்த மேசையைத் தூக்கி அவர் மேல் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"மூணு நாளா எழுதுங்க டாக்டர்" என்றாள்.