ஈரக் கைக்கு ஒரு பட்டன்

திரேஸ்புரம் ஏலக் கொட்டகையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, மறு கோடியில் மீன்காரப் பெண்களுக்கு நடுவே எங்கோ இருந்த அம்மாவை போனில் கூப்பிட்டேன். அவள் இடுப்பில் மணி அடித்தது. அம்மா ஒரு சீலா மீனின் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டுகிற கையை இடுப்புக்குக் கொண்டுபோய், சேலைக்கு மேலாகவே போனின் ஓரத்தை ஓர் அமுக்கு அமுக்கினாள். சத்தம் நின்றது. கை செவுளுக்குத் திரும்பியது.

பெற்ற மகள் கூப்பிட்டால் இப்படித்தான் வாயை அடைப்பாளா என்று சுருக்கென்றது. ஆனால் அந்தக் கோபம் வந்த வேகத்திலேயே மறந்துபோனது. அந்தப் போனில் அம்மா சொன்னதை முதல் தடவையிலேயே கேட்கிற ஒரே இடம் அந்த ஓரத்துச் சத்தப் பட்டன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா இந்தக் கொட்டகையில் மீன் ஏலம் எடுத்து மாப்பிள்ளையூரணித் தெருக்களில் விற்கிறவள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இதுதான் அவள் வேலை. ஏலம் விடுகிற அண்ணாச்சி விலையைக் கூவுவார், இவர்கள் பதிலுக்குக் கூவுவார்கள், கடைசிக் குரலுக்கு மீன். இந்த வருஷம் அண்ணாச்சி ஓர் ஆப் கொண்டுவந்தார். வெளியூர் ஓட்டல்காரர்களும் கம்பெனிகளும் இருந்த இடத்திலிருந்தே ஏலம் கேட்கலாமாம். வந்த வாரத்திலேயே வாயால் கேட்பது நின்றுபோனது. போனில் போட்டால்தான் கணக்கு.

அம்மாவின் போன் ஒருமுறை ஐஸ் பெட்டிக்குள் விழுந்தது. அன்றிலிருந்து திரையின் அடிப்பகுதியில் ஒரு பட்டை அளவுக்கு உணர்ச்சியே கிடையாது. படம் தெரியும், தொட்டால் ஒன்றும் நடக்காது. திரேஸ்புரத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. உப்புத் தண்ணீர் குடிக்காத போனை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு இவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போனைப் படுக்கவைப்பது. வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவுசெய்ய வேண்டுமென்றால் அம்மா போனைப் பக்கவாட்டில் திருப்புவாள். செத்த பட்டை இடது பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், மைக் பட்டன் உயிருள்ள பக்கத்துக்கு வந்துவிடும். கொட்டகையில் பாதிப் பேர் போனைப் படுக்கவைத்துத்தான் பேசுவார்கள்.

ஏல ஆப் படுக்காது. எப்படித் திருப்பினாலும் நெட்டுக்குத்தலாகவே நிற்கும். 'ஏலம் கேள்' என்ற பச்சைப் பட்டன் திரையின் அடியிலேயே, சரியாகச் செத்த பட்டையின் மேல், ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு நான் பார்க்கப் பார்க்கவே நடந்தது. அம்மா கையில் பிடித்துப் பார்த்த அதே சீலாக் குவியல். அவள் பட்டனைக் குத்துகிறாள், சேலையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்துகிறாள், போனைத் திருப்புகிறாள், உதறுகிறாள்.

"அண்ணாச்சி, நான் கேக்கேன்! இந்தா உம்ம முன்னாலதான நிக்கேன்!"

"எக்கா, ஆப்ல போடுங்க. வாயால சொன்னா எனக்கு இதுல வராதுல்லா" என்று அண்ணாச்சி தன் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அது அமுங்க மாட்டேங்கு அண்ணாச்சி! என் குரல் உமக்குக் கேக்கா இல்லையா?"

"எனக்குக் கேக்கு, எக்கா. டேப்லெட்டுக்குக் கேக்கலையே."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் போனுக்கும் அதே நிலைமைதான், வேறென்ன செய்வார்கள். சீலாவை எந்த ஊரிலோ உட்கார்ந்து, அந்த மீனின் கண்ணைக்கூடப் பார்க்காத ஒருவன் எடுத்துக்கொண்டான். வழக்கமாக சீலா வாங்கும் வீடுகளுக்கு அம்மா அன்று, ஏலம் எடுத்த வேறொருத்தியிடம் வாங்கிய நெத்திலியோடு போனாள். "இப்பல்லாம் சின்ன மீனுதானா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தப் பட்டனை ஏன் அங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் இந்த அரையாண்டு எங்களுக்கு மொபைல் ஆப் செய்வதுதான் பாடம். திரை வடிவமைப்பின் அடிப்படைகள் என்று சார் ஒரு படம் காட்டினார். ஒரு கை போனைப் பிடித்திருக்கும். கட்டைவிரல் எட்டுகிற அடிப்பகுதி பச்சை, எட்டாத மேல்மூலை சிவப்பு. முக்கியமான பட்டனைப் பச்சையில் வை, இதுதான் பாடம். தப்பான பாடம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது யாருடைய கை? ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு செதில் இல்லை. மறு கையில் கூடை இல்லை. போன் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அந்தக் கையை இந்தக் கொட்டகையில் அரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் படம் எடுத்திருக்க வேண்டும்.

அந்த வகுப்பிலேயே எழுந்து கேட்டிருந்தேன். "சார், அடிப்பகுதி வேலை செய்யாத போனுக்கு என்ன செய்யணும்?"

"ரிப்பேர் பண்ணணும்" என்றார் சார்.

ஆய்வுக்கூடமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏலே, இவ ஆப் செய்ய வரல, செல்போன் கடை வைக்க வந்திருக்கா" என்றான்.

"யூசரோட போன் கெட்டுப்போனா அது டிசைன் பிரச்சனை இல்லம்மா" என்று சார் முடித்துவைத்தார். யூசர் யூசர் என்று ஒரு மணி நேரம் பேசினார். அந்த யூசருக்கு அம்மா இருப்பாள், அவள் மீன் விற்பாள் என்று அவருக்கு ஏன் தோன்றவே இல்லை? அண்ணாச்சி மூலமாக ஆப் செய்த கம்பெனிக்கும் முன்பே சொல்லிப் பார்த்திருந்தேன். நல்ல நிலையில் உள்ள போன்களில் மட்டுமே ஆப் வேலை செய்யும் என்று பதில் வந்தது. நல்ல நிலையில் உள்ள மனிதர்களுக்கு மட்டும் என்று போடாமல் விட்டார்களே!

அதனால்தான் சத்தப் பட்டனில் அம்மா அமுக்கிய அந்த ஒரு அமுக்கைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நானே ஒரு சின்ன ஆப் எழுத உட்கார்ந்தேன். ஒரே ஒரு திரை. நடுவில் கொட்டை எழுத்தில் விலை, வெயிலிலும் தெரிகிற மாதிரி வெள்ளையில் கறுப்பு. தொடுவதற்குத் திரையில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டுகிற பட்டனை அமுக்கினால் விலை ஒரு படி ஏறும். குறைக்கிற பட்டனை அமுக்கினால் 'நான் கேட்கிறேன்' என்று போய்விடும். எழுதுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பட்டன் அமுங்கியதும் போன் நமக்கு ஒரு தகவல் தரும், அதைப் பிடித்துச் சத்தத்துக்குப் பதிலாக விலையை மாற்றச் சொன்னால் போதும்.

அடுக்களையில் வைத்துச் சோதித்தோம். அம்மா கையைத் தண்ணீரில் முக்கி எடுத்து அமுக்கினாள். ஏறியது. இன்னொரு முறை. ஏறியது. அவள் முகம் மலர்ந்தது, நான் குதித்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்கக் கீழே உட்கார்ந்தாள். நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விலை கிடுகிடுவென்று ஏறுகிறது.

"எம்மா! என்ன செய்யுத?"

"நான் என்னத்தளா செஞ்சேன்? சும்மா உக்காந்தேன்!"

"நீ உக்காந்ததுக்கு ஒரு வள்ளத்து மீனையே ஏலம் எடுத்துட்ட!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏளா, கொட்டகையில இப்படி ஆச்சுன்னா எனக்கு மானம் போயிரும். சரியாச் செஞ்சு குடு" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஏலத்தில் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்கிறவளுக்கு அந்தக் கொட்டகையில் மதிப்பில்லை. அதனால் மாற்றினேன். குறைக்கிற பட்டனை இப்போது விடாமல் பிடித்திருந்தால்தான் ஏலம் போகும். போனதும் போன் கைக்குள் ஒரு உதறு உதறும். சேலைக்குள் இருந்தால் எதுவுமே ஏறாது, கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஆப் விழிக்கும்.

அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே ஈரக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, பாப்பா. ஆனா இதுல கேட்டா என் டேப்லெட்டுல வராதே. வேற ஆப்புக்குக் கம்பெனிக்காரன் கதவைத் தொறக்க மாட்டேங்கான்."

"அப்ப ஒரு குவியலை மட்டும் இதுல விடுங்க, அண்ணாச்சி. விலையைக் காட்டுத பலகையா என் போனே இருக்கட்டும். எந்த ஊர்க்காரன் வேணும்னாலும் இதுல வந்து கேக்கட்டும், அம்மாவும் கேக்கட்டும். யார் கூடுதலாக் கேக்காவளோ அவங்களுக்கு மீனு."

அவர் யோசித்தார். "சாளைக் குவியல் ஒண்ணு தாரேன். திங்கக்கிழம."

சாளை! வெளியூர்க்காரன் ஒருவனும் ஏறெடுத்துப் பார்க்காத மீனைச் சோதனைக்கு விடுகிறாராம். எனக்கு மறுபடியும் சுர்ரென்றது, அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "சரி, அண்ணாச்சி" என்றாள்.

திங்கட்கிழமை அம்மாவும், செத்த பட்டை உள்ள போனோடு இன்னும் நாலைந்து பெண்களும் கொட்டகையில் நிற்பார்கள். எல்லார் போனிலும் ஆப் ஏற்றியாகிவிட்டது. ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால் யாருக்கு முதலில் போகிறது என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை, ஞாயிறு முழுக்க எனக்கு அந்த வேலைதான். சாளை தகராறில்லாமல் விற்றுமுடிந்தால், அதே இடத்தில், கூட்டம் கலைவதற்குள், அண்ணாச்சியிடம் சீலாக் குவியலைக் கேட்கப் போகிறேன். அந்த முறை அம்மா என் முழங்கையைப் பிடித்தாலும் விடமாட்டேன்.