ஊரைப் பார்த்துக் கிடந்த செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஆரோக்கியராஜும் ஒரு ஜோடி செருப்பை எடுத்து வந்தோம்.

திருடவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் எடுத்தோம். சாதாரண ஹவாய் செருப்பு... நீல வார், வெள்ளை அடி. எந்தக் கடை வாசலிலும் கொத்துக்கொத்தாகத் தொங்குமே, அதேதான். அதை இருந்த இடத்திலிருந்து நகர்த்தினால் ஒரு ஊரே வெலவெலத்துப் போகும் என்று யார் கண்டது?

முதலிலிருந்து சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து கிளம்பி, டவுன் பஸ் திரும்பிவிடுகிற கடைசி ஊரையும் தாண்டிப் போனால் ஒரு கோயில்காடு இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே உங்களில் பாதிப் பேர் கட்டுச்சோற்றோடு அங்கே நிற்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை!

சிவகங்கைச் சீமைக்காரர்கள் வேட்டைக்கு வந்த காடு என்று கேள்வி. வாசலில் சூலம் செதுக்கிய எல்லைக்கல். உள்ளே ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகள். அதற்கும் எத்தனையோ காலம் முந்தைய தாழிகள். இத்தனையும் ஒரே காட்டில் என்றால் எனக்குக் கால் தரையில் நிற்குமா?

ஆரோக்கியராஜ் என் கல்லூரி சிநேகிதன். கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். எதற்கும் கைவசம் ஒரு விளக்கம் வைத்திருப்பான். கொள்ளிவாய்ப் பிசாசு என்றால் மீத்தேன் என்பான். மாதா கோயிலில் ஞாயிறு முதல் பூசையை முடித்துவிட்டு, நெற்றியில் வழியும் வியர்வையோடு என் டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் ஏறிக்கொண்டான்.

காட்டுக்கு முன்னால் ஒரே ஒரு டீக்கடை. சுப்பையா அண்ணன் கடை. டீ சொல்லிவிட்டு, நாங்கள் யார் எவர் என்று சொன்னோம்.

"காட்டுக்குள்ளயா போறீக? தாராளமாப் போங்க. குச்சி ஒடிக்கக் கூடாது. செருப்பைக் கல்லுகிட்டயே கழட்டிப் போட்டுறணும். அதான் எங்களுக்கு அத்தாட்சி. பொழுது சாயயில ஏதாவது செருப்பு மிச்சம் கிடந்தா, ஆளு இன்னும் உள்ள இருக்குன்னு தேடிப் போவோம்."

அட, நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்றேன்.

"இன்னொண்ணு. உள்ள போயி ஒருத்தர ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிறாதீக."

"ஏன்ணே?"

"கூப்பிட்டா, 'இந்தா வாரேன்'னு யாரு சொல்லுவாகன்னு தெரியாதுல்ல?"

டீயை உயர்த்தி ஆற்றினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பேரு வேணாம். ரெண்டு தட்டு, கையத் தட்டுங்க. ஆளு இருந்தா திருப்பித் தட்டும்."

"ஆளுன்னா... மனுசன்தானே அண்ணே?" என்றான் ஆரோக்கியராஜ்.

"என்ன வாத்தியாரே, இங்கயே வேர்க்குது?"

கடைக்காரர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ... யாரைச் சீண்டினால் சூடு பிடிக்கும் என்று!

எல்லைக்கல் இடுப்புயரம். சூலம் மழுங்கியிருந்தது. அடியில் ஏற்கெனவே ஒரு ஜோடி கிடந்தது... அந்த நீல வார். யாரோ விறகு பொறுக்கவோ ஆடு தேடவோ போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாங்களும் பக்கத்தில் கழற்றினோம்.

அப்போதே ஒன்று உறுத்தியது. நடந்து வந்து செருப்பைக் கழற்றினால் அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கும்? போகிற பக்கம். எங்கள் செருப்புகள் காட்டைப் பார்த்துக் கிடந்தன. அந்த ஜோடி மட்டும் ஊரைப் பார்த்துக் கிடந்தது.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போனோம்.

உசிலை, வீரை, பாலை... பெயர் தெரியாத கொடிகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து மேலே கூரை போட்டிருந்தன. நாலு மரம் தாண்டியதும் பாதத்தைச் சுட்ட செம்மண் சில்லென்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் நிதானமாக, பேசிக்கொண்டே நடந்தோம். வேகமாக நடக்க முள் விடாது.

பாதையில் ஒரு வட்டம் தெரிந்தது. விரல் கனத்தில், பானை விளிம்பு மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. அங்கே இன்னொன்று... குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தாழிகள்! செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பானைகள். மழை மேல்மண்ணை அரித்துவிட, வாய் மட்டும் வெளியே தெரிகிறது. வட்டத்தில் கால் படாமல், பாண்டி விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி இடையிடையே தாவினோம்.

"மிதிச்சா என்னடா பண்ணும்? வெறும் மண்ணு" என்றான்.

"மிதிச்சுப் பாரேன்."

மிதிக்கவில்லை. விஞ்ஞானத்துக்கும் ஒரு எல்லைக்கல் உண்டு போலிருக்கிறது.

அப்புறம் குதிரைகள். பாதைக்கு இரண்டு பக்கமும் வரிசை. பழசெல்லாம் முன்னால், புதுசெல்லாம் பின்னால். முதலில் வெறும் கால்கள் மட்டும். கொஞ்சம் தள்ளி, காலும் வயிறும். அப்புறம் கழுத்து. கடைசியில் முழுக் குதிரை... கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு. நடக்க நடக்க, யாரோ மண்ணுக்குள்ளிருந்து துண்டு துண்டாக எழுந்து வருகிற மாதிரியே இருந்தது. திரும்பினால் ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயனாருக்கா?"

"பொதுவாத்தான்."

உச்சி வேளை ஆகிவிட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஏதோ ஒரு பறவை நின்றது. பூச்சிச் சத்தமும் நின்றது. ரேடியோவை யாரோ அணைத்த மாதிரி. குதிரைகளுக்கு நிழலே இல்லை. இருட்டுத்தான் பயம் காட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. நட்டநடுப் பகல் வெயிலில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது... நமக்கும் சரி, அதற்கும் சரி.

திரும்பிப் பார்த்தேன். ஆரோக்கியராஜைக் காணோம்.

"ஆரோ..." என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இரண்டு தட்டு தட்டினேன்.

பதில் வந்தது. இடது பக்கம், வற்றிக் கிடந்த ஊரணி இருந்த திசையிலிருந்து. தட்... தட்... தட். மூன்று. அவசரமில்லாத தட்டு.

'இவன் எப்போது அங்கே போனான்?' என்று அந்தப் பக்கம் கால் எடுத்து வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. வலது பக்கமிருந்து வந்த ஆரோக்கியராஜ்!

"கூப்பிட்டியா? ரெண்டு தட்டு கேட்டுச்சு."

"நீ திருப்பித் தட்டலையா?"

"இல்லையே. நீதான் மறுபடி மூணு தட்டுனேன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஊரணிப் பக்கம் பார்த்தோம். செம்பாறாங்கல் படிகள். காய்ந்த சருகு. ஒரு ஈ காக்கை இல்லை.

"எக்கோடா மாப்ள" என்றான்.

"ரெண்டு தட்டுனா எக்கோ மூணா வரும்?"

"குதிரையெல்லாம் உள்ள வெறுங்கூடு. பட்டுத் திரும்பயில ஒண்ணு கூடத்தான் கேக்கும்."

சொல்லிவிட்டு, வாசலை நோக்கி அவன் நடந்த வேகம் இருக்கிறதே... முள்ளாவது, ஒன்றாவது!

கல்லுக்கு வந்தால் அந்த நீல வார்ச் செருப்பு அப்படியே கிடக்கிறது.

அப்போதுதான் பயம் வேறு பக்கம் திரும்பியது. உள்ளே நாங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பதில் தட்டு வந்திருக்கிறது. அப்படியென்றால்? யாரோ ஒருவர் உள்ளே விழுந்து கிடக்கிறார். பாம்பு கடித்திருக்கலாம். வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் கையை மட்டும் தட்டியிருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு நாங்கள் ஓடிவந்திருக்கிறோம்!

திரும்ப உள்ளே ஓடினோம். ஊரணிப் படியெல்லாம் இறங்கிப் பார்த்தோம். புதரைக் கீழே கிடந்த குச்சியால் விலக்கிப் பார்த்தோம். தட்டினோம், தட்டினோம், கை சிவக்கத் தட்டினோம். இந்தத் தடவை ஒன்றுமே வரவில்லை. எதிரொலிகூட வரவில்லை.

"கடையில செருப்பக் காட்டுவோம்டா. யாருதுன்னு தெரிஞ்சா ஆளத் திரட்டிட்டு வந்து தேடலாம்" என்று ஆரோக்கியராஜ் சொன்னது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. ஆளுக்கொரு செருப்பாக எடுத்துக்கொண்டோம்.

பாதி வழியில்தான் கையிலிருந்ததைப் பார்த்தேன். குதிகாலில் எட்டாம் நம்பர். மேலே விரல் பதிந்த அச்சு இல்லை. புரட்டினால் அடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரியவில்லை.

"மாப்ள... இதை யாருமே போட்டு நடந்ததில்லடா."

அவன் தன் கையிலிருந்ததையும் புரட்டிப் பார்த்தான்.

கடையில் சுப்பையா அண்ணன் எங்கள் கையைப் பார்த்ததும் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"எடுத்துட்டீகளா? அடப்பாவிகளா... அதப் போயி எடுத்துட்டீகளே!"

"உள்ள ஆளு யாரோ..."

"ஆளு போயி எட்டு வருசமாச்சுய்யா!"

பாண்டியம்மா என்று ஒரு அம்மா. அவருடைய மகன், பத்து வயசுப் பையன், ஒரு மழைநாளில் ஆட்டைத் தேடிக் காட்டுக்குள் போனான். ஆடு வந்தது. அவன் வரவில்லை. சாயங்காலம் கல்லடியில் அவன் செருப்பு மட்டும். ஊரணியில் தேடினார்கள், கிணறுகளில் தேடினார்கள். ஸ்டேஷனில் ரயிலேறிப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதுவும் நிச்சயமில்லை.

"அடுத்தவுக செருப்ப இங்க யாரும் தொட மாட்டாக. கல்லுல இருந்து செருப்பு போச்சுன்னா ரெண்டே அர்த்தம்தான். ஆளு வெளிய வந்துட்டான்... இல்ல, இனிமே வரமாட்டான்னு வீட்டுக்காரகளே எடுத்துட்டாக. 'எடுத்துரு, காரியத்தச் செஞ்சுருவோம்'னு அந்தம்மாவோட கொழுந்தன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அந்தம்மாதான் இன்னும் எடுக்கல. வருசா வருசம் புதுசு வாங்கி மாத்துது."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ஆடு மேய்த்த யாரோ வெறும் கல்லைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ரோட்டில் ஒரு அம்மா அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தார்.

"சுப்பையாண்ணே! எம்புள்ள வந்துட்டானா? இல்ல, எங்கொழுந்தன் எடுத்துட்டாரா? எதுன்னு சொல்லுங்கண்ணே!"

எட்டு வருடக் காத்திருப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றது. இரண்டு பதிலில் எது எங்கள் கையில் இருந்தது? இரண்டுமே இல்லை. ஆளுக்கொரு செருப்புத்தான் இருந்தது.

"நாங்கதாம்மா... தெரியாம எடுத்துட்டோம்" என்றேன்.

அந்த அம்மா எங்களையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"வெளியூரா?" என்று மட்டும் கேட்டார். "வாங்க. வச்சுட்டு வந்துருவோம்."

நாங்கள் யார் எவர் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே நாலு பேரும் கல்லுக்குப் போனோம். செருப்பை முந்தானையால் துடைத்து, அவரே வைத்தார். மூக்கு ஊரைப் பார்க்க. காட்டிலிருந்து வருகிற காலுக்கு நேராகப் போட்டுக்கொள்ள வசதியாக! காலையில் என்னை உறுத்தியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

"உள்ள கை தட்டுனீகளா தம்பி?"

"தட்டுனோம்மா."

"திருப்பித் தட்டுச்சா?"

ஆரோக்கியராஜைப் பார்த்தேன். 'எக்கோ' என்று சொல்லப் போகிறான், அந்த அம்மா முகம் வாடப் போகிறது என்று பயந்தேன். அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டுச்சும்மா."

"எத்தன?"

"மூணு."

சுப்பையா அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஒரு தட்டுன்னா 'இங்கன இருக்கேன்'. மூணு தட்டுன்னா 'வந்துக்கிட்டிருக்கேன்'. ஆடு மேய்க்கிற புள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறதுதான்..." செருப்பு வாரைத் தடவினார். "நானும் இத்தன வருசமாத் தட்டுறேன் தம்பி. எனக்கு ஒரு தட்டுகூடத் திரும்ப வந்ததில்ல."

சொல்லியிருக்க வேண்டாமோ? இந்த ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னான். ஆனால், உண்மையைச் சொல்லி ஒருத்தரை இன்னும் எத்தனை வருடத்துக்குக் கல்லடியில் உட்காரவைத்துவிட்டோம்?

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே அந்த அம்மா ஆரோக்கியராஜிடம் கேட்டார்:

"வாத்தியாருங்கிறீக. பதினெட்டு வயசுப் பயலுக்கு எட்டாம் நம்பரு பத்துமா?"

அவன் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தன் காலை நீட்டிக் காட்டினான். "நான் எட்டுத்தாம்மா போடுறேன்."

"அப்ப ஒம்போது வாங்கிற வேண்டியதுதான். அவுக அப்பாவுக்குப் பெரிய காலு."

கடைசிவரை அந்தப் பையன் பெயரை யாரும் சொல்லவில்லை. காட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

வண்டியில் ஊர் திரும்பினோம். காரைக்குடி லைட்டெல்லாம் தெரிய ஆரம்பித்த பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து ஆரோக்கியராஜ் மெதுவாகச் சொன்னான்:

"எக்கோ இல்லடா."

உங்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். எங்காவது காட்டோரம் ஒரு ஜோடி செருப்பு ஊரைப் பார்த்துக் கிடந்தால், தொடாமல் சுற்றிப் போங்கள். யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள்.