நாலு பக்கமும் காற்றுள்ள வீடு

காலை எட்டு மணிக்குக் கீழக்கரையில் பஸ் ஏறினோம். இராமநாதபுரம் பதினோரு மைல், ஆளுக்கு ஆறணா. கொழும்பிலிருந்து வந்த நாள்முதல் என் கணவர் வாயில் ஒரே பேச்சு, மாடர்ன் வீடு. மகள் ஜொஹராவுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வாங்கிய மனை என் கூடப்பிறந்த ராத்தா வீட்டை ஒட்டியது. அக்காள் தங்கை வீடென்றால் நடுவில் ஒரு கதவு இருக்கும். பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வருவோம். இவரோ நாலு பக்கமும் இடம் விட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பப்போகிறாராம்.

"ராமநாதபுரத்துல வந்து பாரு, அப்பறம் பேசு" என்றார். பார்க்காமல் சண்டை போடுவது எனக்கும் பிடிக்காது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு அரண்மனை வாசலில் இறங்கினோம். எங்கள் வீட்டைக் கட்டப்போகிற மேஸ்திரி அங்கே காத்திருந்தார். சேதுபதிகள் ஆண்ட ஊராயிற்றே என்று நான் கோட்டைச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"அது பழசும்மா, கெடக்கட்டும். இங்கன வாங்க" என்று மேஸ்திரி இழுத்துக்கொண்டு போனார்.

புதிதாகக் கட்டிய ஒரு பேங்கைக் காட்டினார். ஜன்னலுக்கு மேலெல்லாம் வெயில் மறைக்கச் சிமெண்டுப் பலகை. அடுத்தது சினிமா கொட்டகை; முகப்பு வளைந்து, வட்ட வட்ட ஜன்னலோடு இருந்தது.

"இதென்ன மச்சான், கப்பலா?" என்று இவரைக் கேட்டேன்.

"அதான் இப்ப ஸ்டைல்" என்றார். வருஷமெல்லாம் கப்பலும் கடலுமாகத் திரிகிற மனுஷருக்குத் தரையிலும் கப்பல்தான் கேட்கிறது!

பதினோரு மணிக்குக் கேணிக்கரைப் பக்கம் போனோம். நாலு பக்கமும் இடம் விட்டு மேஸ்திரி கட்டிய வீடு; ஓர் அதிகாரி குடியிருந்தார். ஆண்கள் வெளியே நின்று முகப்பை அளந்தார்கள். அதிகாரியின் மனைவி என்னை உள்ளே அழைத்துப்போனாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். ஜொஹராவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தரையில் முகம் தெரிந்தது. கூரையில் ஓர் உத்திரம்கூட இல்லை. சமையலறையில் நின்றபடியே சமைக்க மேடை, பக்கத்திலேயே குழாய். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேடையைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் குந்தி உட்கார்ந்து புகை குடித்தவள் நான்.

காப்பி கொடுத்தாள். எங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டாள். ராத்தா, அவர் மக்கள், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பின்கட்டுக் கதவு எல்லாம் சொன்னேன்.

"எனக்குப் போன மாசம் நல்ல காய்ச்சல் அக்கா. அவர் ஆபீஸ் வேலையா வெளியூர் கேம்ப் போயிருந்தார். எழுந்திருக்க முடியலை. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன், கேக்கலை. சாயங்காலம் பால்காரர் வந்துதான் ஆளைக் கூட்டிட்டு வந்தார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் போலத்தான் சொன்னாள்.

எழுந்தேன். "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். வெளியிலிருந்து இவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கேட் வரை வந்தவள், "மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"எப்படி?" என்றார் இவர்.

"அடுப்பு மேடை வேணும், தரை வேணும். கப்பலையும் வச்சுக்கங்க. ராத்தா வீட்டுக்குக் கதவு வேணும்."

"சுத்தியும் காத்துக்கு எடம் விட்டுப்புட்டு, கதவை எங்கன வைக்க? ராத்தா வீடு வரைக்கும் மேல கூரை போட்டு நடை கட்டணும். அழகு கெட்டுப்போகும் மரியம்."

"நீங்க கொழும்புக்குப் போயிருவீக. மருமகனும் போயிருவாரு. அந்த அழகுக்குள்ள எம்மக தனியாக் காய்ச்சல்ல கெடக்கணுமா?" என்று கேட்டு, உள்ளே கேட்டதைச் சொன்னேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். திருப்புல்லாணியில் டிரைவர் இறங்கி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது இவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கதவு எம்புட்டு அகலம் வேணும்?"

"படுத்த ஆளோட ஒரு கட்டிலைத் தூக்கிட்டுப் போறாப்புல இருக்கணும்" என்றேன்.